கேள்வி பதில்: பூட்டிய வீட்டுக்கு யார் காவல்?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு. 17 புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்குப் பங்கு, எல்லாரும் வெளியூரில் இருக்கிறோம். போன மாதம் பூட்டை உடைத்து மங்குச் (எனாமல்) சாமான், பித்தளை அண்டா, இரண்டாம் கட்டுக் கதவு ஒன்று உட்பட எடுத்துப் போய்விட்டார்கள். திண்ணையில் நகைப்பெட்டியை வைத்துக்கொண்டு தூங்கிய காலம் உண்டு என்று ஆயா (பாட்டி) சொல்வார்கள். மனிதர்கள் ஏன் இப்படிக் கெட்டுப்போனார்கள்?
– வாசகி, சென்னை

அண்டாவை விடுங்கள் ஆச்சி, தேக்குக் கதவைக் கழற்றியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் ஆயா சொன்னதை முழுசாக நம்பிவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது வளவு (நடு முற்றம்) வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், மேலே கம்பி போட்டிருக்கும். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, பெட்டக அறைக்கு ஒரு சாண் நீளச் சாவி. திருடனே இல்லாத ஊரில் இதையெல்லாம் யாருக்குப் பயந்து செய்தார்கள்?

1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்களுக்கும் இதே மாதிரி ஒரு குழப்பம். உலகப் போருக்குப் பிறகு அங்கே வருமானம் கூடியது, படிப்பு கூடியது, கூடவே பட்டப்பகலில் வீடு புகுந்து திருடுவதும் கூடியது. மனிதன் கெட்டானா என்று அவர்கள் கேட்கவில்லை. மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் திருட்டு நடக்கும் என்றார்கள்: திருடத் துணிந்த ஒருவன், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆள் இல்லாமை. பெண்களும் வேலைக்குப் போனதால் பகலில் வீட்டில் ஆளில்லை, டிவி போன்ற சாமான்களும் தூக்கிக்கொண்டு ஓடும் எடைக்கு வந்துவிட்டன. துணிந்தவன் எப்போதும்தான் இருந்தான், மற்ற இரண்டும் மாறின.

இதை அப்படியே உங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டிக்கடை பார்க்க மூன்று வருஷக் கணக்குக்குப் போயிருந்த காலத்திலும் உள்ளே ஆச்சிமார், பிள்ளைகள், சமையலாள், முகப்பில் கணக்குப்பிள்ளை என்று ஒரு ஊரே இருந்தது. யாரும் காவல் காக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதுவே காவல். இன்றைக்குச் சாயங்காலம் விளக்குப் போட ஒரு பெரியவர் வந்து போனால் உண்டு. மங்குச் சட்டிக்கும் அன்று கேட்பாரில்லை, இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழைய சாமான் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். (கடைக்காரர்களைச் சொல்லவில்லை, நாமே வேண்டாம் என்று கழித்துப் போடுவதைத்தான் அவர்கள் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பொருளுக்கு விலை வந்துவிட்டது என்கிறேன், அவ்வளவுதான்.)

எங்கள் வீட்டில் ஒரு குத்துவிளக்கு போனது எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் யார் கடைசியாகச் சாவி வாங்கினார் என்று பங்காளிகளுக்குள் நடந்த பேச்சு விளக்கைவிட அதிக விலைக்குப் போயிற்று. முகப்பில் ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள், சாமான்களைப் படம் எடுத்து 17 புள்ளிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

எல்லாக் குற்றத்துக்கும் வறுமைதானே மூலகாரணம்?
– வாசகர், தேவகோட்டை

வறுமை மட்டும் என்றால் நம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒரு பஞ்சத்துக்கு ஊரே திருடப் போயிருக்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938-ல் சொன்னது கொஞ்சம் நுணுக்கமானது. சமூகம் எல்லாரிடமும் ஒரே ஆசையை மூட்டுகிறது, அதை அடையும் வழியை மட்டும் சிலருக்குத்தான் திறந்து வைக்கிறது. அந்த இடைவெளியில் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள், சிலர் ஆசையையே விட்டுவிட்டுக் கடனே என்று வேலைக்குப் போய் வருகிறார்கள், சிலர் குடியில் விழுகிறார்கள்.

அப்போது பணக்காரன் ஏன் ஏமாற்றுகிறான்? குற்றவியலாளர் எட்வின் சதர்லண்ட் 70 பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் வழக்குகளைத் தோண்டி 1949-ல் புத்தகமாகப் போட்டார். தப்புச் செய்ததாகத் தீர்ப்போ உத்தரவோ வாங்காத கம்பெனி ஒன்றுகூட அதில் இல்லை. குற்றமும் ஒரு தொழில் மாதிரி, கூட இருப்பவர்களிடம் கற்றுக்கொள்வது என்பது அவர் கட்சி. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகும் வரை நம்மவர்கள் வட்டிக்கணக்கை எப்படிக் கற்றார்களோ அப்படித்தான் கள்ளக்கணக்கும். கை வேலையோடு சேர்த்து, “எல்லாரும் செய்றதுதானே” என்ற சமாதானத்தையும் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் முன்பு ஒரு சைக்கிளைத் திருடியவனாம். நிறுத்திவிடலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

ஒரு சைக்கிள்தானே? வேண்டாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-ல் எழுதியது இதைப் பற்றித்தான்: ஒரு செயலைவிட, அதற்கு மற்றவர்கள் ஒட்டும் பெயர்தான் ஒருவனை வெளியாளாக்குகிறது. நீங்களும் நிறுத்தி, அடுத்த கடையும் நிறுத்தினால், அவனைச் சேர்த்துக்கொள்ள மிஞ்சுவது யார் என்று யோசியுங்கள்.

பெயர் ஒட்டுவது என்ன செய்யும் என்று நமக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பழங்குடிச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான், 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் எதையும் எடுத்திருக்கவே வேண்டாம், பிறந்த சாதி போதும், கைரேகை கொடுத்துவிட்டு ராத்திரி போலீஸ் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு. இங்கே 1947-ல் சட்டத்தை எடுத்தார்கள். சீர்மரபினர் என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் இப்படிப் பெயர் ஒட்டப்பட்ட சாதியினர்தான். சட்டம் போய் இத்தனை வருஷமாகியும் ஊரில் ஒரு ஆடு காணாமல் போனால் முதலில் எந்தத் தெருவைப் பார்க்கிறார்கள்?

பையனைக் கொஞ்ச நாள் கல்லாவில் உட்காரவைக்காதீர்கள், சரி. அதையும் மற்ற பையன்கள் முன்னால் சொல்லாதீர்கள்.

குற்றமே இல்லாத சமூகம் வருமா?
– வாசகி, கோனாப்பட்டு

வராது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895-லேயே சொல்லிவிட்டார். மகான்கள் மட்டுமே வாழும் மடமாக இருந்தாலும், நாம் கண்டுகொள்ளாத சின்னத் தவறு அங்கே பெரிய குற்றமாகிவிடும் என்றார். எங்கள் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியவர்கள் மோர்ச் சாதத்தில் இருக்கும்போதே இலையை மூடிவிட்டு எழுந்த ஒரு மாப்பிள்ளையை 40 வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம்.