‘விடப் பார்க்கிறேன்’

வணக்கம் சார்,

இரவு படுக்கையில் செல்போன் பார்க்கும் பழக்கத்தை விட நான்கு முறை முடிவெடுத்துவிட்டேன். ஒரு பிறந்தநாள், ஒரு புத்தாண்டு, ஒருமுறை கண் டாக்டர் திட்டியபோது, கடைசியாக மகள் “அப்பா, நான் பேசுறது கேக்குதா?” என்று கேட்ட அன்று. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நாள்தான். அப்புறம் ‘ஐந்து நிமிடம்’ என்று ஆரம்பித்து மணி ஒன்றாகிவிடுகிறது. 21 நாள் தாக்குப்பிடித்தால் பழக்கம் மாறிவிடும் என்கிறார்கள், அதுவரைகூட என்னால் போக முடியவில்லை. எனக்கு மன உறுதியே கிடையாதா? அல்லது உறுதி எடுப்பது என்பதே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற வேலையா?

ர.

அன்புள்ள ர.,

நான்கு முறை முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நான்கு முறை வருத்தப்பட்டிருக்கிறீர்கள் என்றுதான் படுகிறது. மயான வைராக்கியம் என்பார்களே, அதுதான். சுடுகாட்டில் நிற்கும்போது இந்த ஆசையெல்லாம் எதற்கு என்று தோன்றும், வீடு வந்து தலை துவட்டுவதற்குள் போய்விடும். அந்த நேரத்தில் அது பொய்யில்லை, அதற்கு ஆயுசு அவ்வளவுதான். மகளின் கேள்வி உங்களைச் சுட்டிருக்கிறது, சரி. அந்தச் சூட்டோடு என்ன முடிவெடுத்தீர்கள்? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. ‘குறைத்துக்கொள்ள வேண்டும்’ என்பதாகத்தான் இருந்திருக்கும் (தப்பென்றால் மன்னியுங்கள்).

நான் பதினொரு வருடம் சிகரெட் பிடித்தவன். குறைக்கிறேன், நாளைக்கு இரண்டுதான், வெளியூர் போனால் மட்டும் என்று எத்தனையோ ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் நானே ஒரு சந்து விட்டு வைத்திருப்பேன். ஒருநாள் நண்பர் ஒருவர் பாக்கெட்டை நீட்டினார், ஒரு சிகரெட் மட்டும் பாதி வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. “விடப் பார்க்கிறேன்” என்றேன். அவர் கையை மடக்கவே இல்லை, நீட்டியது நீட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றார். ‘பார்க்கிறேன்’ என்றால் பேரம் இன்னும் முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து அதே மனிதர், அதே கை. “நான் பிடிக்கிறதில்லை” என்றேன். பாக்கெட் சட்டைப்பைக்குள் போய்விட்டது, பேச்சு வேறெங்கோ போனது. இரண்டு நொடிதான் ஆகியிருக்கும்.

அதற்காகச் சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். நிகோடினை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் உடம்பு அதிகமாகப் படுத்தும். மூன்றாம் நாள் பேனா மூடியைக் கடித்தே பிளந்துவிட்டேன், வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். ஆனால் உள்ளே விவாதம் நின்றுபோயிருந்தது. இன்றைக்கு ஒன்று பிடிக்கலாமா என்ற கேள்விக்கு தினமும் இருபது தடவை புதிதாகப் பதில் சொல்வதில்தான் முன்பெல்லாம் நான் களைத்துப்போவேன். உறுதி எடுப்பதால் எனக்குத் தெரிந்து கிடைக்கிற பெரிய லாபம் அந்தக் கேள்வி தீர்ந்துபோவதுதான்.

1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில் காந்தி விரதத்தைப் பற்றிச் சொல்லும்போது, ‘இயன்றவரை செய்கிறேன்’ என்பவர் தன் அகந்தையையோ பலவீனத்தையோதான் காட்டிக்கொள்கிறார் என்கிறார். முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மனிதன் இயன்றவரைதானே செய்ய முடியும்? அப்புறம்தான் உறைத்தது. எது வரை இயலும் என்று தீர்ப்புச் சொல்லப்போவது யார்? ராத்திரி பதினொன்றரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கண் சொருகக் கிடக்கிறாரே, அவரேதான்.

அந்த 21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது அது. முக அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்தார். ‘குறைந்தது’ வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற ஏறத்தாழ 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 நாள் வரை என்று அவர்கள் கணக்கு போகிறது. அது பழக்கத்தை உண்டாக்குவது பற்றியது, விடுவது பற்றியதல்ல. இருந்தாலும் பதினைந்தாம் நாளில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை என்பது புரிகிறது இல்லையா? நடுவே ஒரு நாள் தவறியது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை என்றும் அதில் இருக்கிறது.

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். விலக்கே கூடாது என்கிறேன், ஒருநாள் தவறினால் பரவாயில்லை என்றும் சொல்கிறேன். விழுவது வேறு, விழுவதற்கு முன்கூட்டியே இடம் போட்டு வைப்பது வேறு. பதினாறாம் நாள் ‘போச்சு, இனிமேல் என்ன’ என்று ஒரு மணி வரை பார்த்திருப்பீர்களே, உங்களைக் கவிழ்த்தது அந்தப் ‘போச்சு’தான், முதல் ஐந்து நிமிடம் இல்லை. (குடிப்பழக்கம் போன்றவற்றுக்கு நான் சொல்வது பொருந்தாது. நெடுநாள் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், அவர்களுக்கு முதலில் டாக்டர்.)

இனிமேல் போனே பார்ப்பதில்லை என்றெல்லாம் சபதம் போடாதீர்கள், வேலைக்கு ஆகாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் படுக்கையறைக்குள் போன் வராது. அவ்வளவுதான். ‘அலாரத்துக்கு வேண்டுமே’ என்று உடனே தோன்றும், எனக்கும் தோன்றியது. அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மகளிடம் சொல்லி வையுங்கள், கண்காணிக்க அவரைவிடக் கறாரான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். மன உறுதி எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம். சார்ஜர் எந்த அறையில் இருக்கிறது என்று எழுதுங்கள், நான் புரிந்துகொள்கிறேன்.