பட்டிப்பூ இலை எத்தனை அவிக்கலாம்?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் மெட்ஃபோர்மின் தருகிறார்கள். லயத்து வாசலில் நிற்கிற பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்தால் சீனி இறங்கும், புற்றுநோய் மருந்தே அதிலிருந்துதான் வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை இலை? வெள்ளைப் பூவா, ஊதாவா?"

ஓர் இலையும் வேண்டாம், எந்த நிறமும் வேண்டாம். அக்கா சொன்னதில் பாதி உண்மை. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

நித்தியகல்யாணி என்றும் சிங்களத்தில் மினிமல் என்றும் சொல்கிற இந்தச் செடியின் சொந்த ஊர் மடகஸ்கார். 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபலும் சார்ள்ஸ் பியரும் ஜமைக்காவிலிருந்து வந்த இலையை நீரிழிவுக்கு ஆகுமா என்றுதான் சோதித்தார்கள். எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள், சீனி இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோது வெள்ளை அணுக்கள் குறைந்து, கிருமி தொற்றி எலிகள் செத்தன. வெள்ளை அணுவைக் குறைத்த அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. இன்றும் அதை மில்லிகிராம் கணக்கில், நாளத்தில் மட்டும், இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

இலைக்கு ஏன் கணக்குச் சொல்ல முடியாது? செடி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். வின்பிளாஸ்டின் என்பது வின்டோலின், கதரந்தின் என்ற இரண்டு பொருள் இணைந்தது. இலை நரம்பை ஒட்டிய கலங்களில் வேலை தொடங்குகிறது. அங்கே உருவான பொருள் மேற்றோல் கலத்துக்கு வந்து, டிரிப்டமின் என்ற இன்னொரு பொருளோடு சேர்ந்து, இரண்டுக்கும் மூலமான ஸ்ரிக்டோசிடின் ஆகிறது. பிறகு வழி பிரிகிறது. கதரந்தினைச் செடி இலையின் மேற்பரப்புக்குத் தள்ளிவிடும். வின்டோலினின் கடைசிப் படிகளோ இலைக்குள்ளே, பால் ஓடும் கலங்களில் நடக்கின்றன. இரண்டும் சந்திப்பது அரிது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது இதனால்தான். அதோடு அல்கலொயிட்டுகள் என்ற, உடலைத் தாக்கக்கூடிய வேறு பொருட்கள் நூறுக்கு மேலேயும் அதே இலையில் இருக்கின்றன. தளிரா முற்றலா, வெயிலா நிழலா, பூச்சி கடித்ததா என்பதைப் பொறுத்து அளவு மாறும். நேற்றுப் பறித்த ஐந்து இலையும் இன்று பறிக்கும் ஐந்தும் ஒன்றல்ல.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு மரபணு எந்தப் படியைச் செய்கிறது என்ற சந்தேகம் வந்தால், அதன் சிறு துண்டைச் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் ஏற்றி இளஞ்செடிக்குள் செலுத்துவார்கள். செடி வைரஸை அடக்கப் போய், ஒத்திருக்கிற தன் மரபணுவையும் சேர்த்து அடக்கிவிடும். சில வாரத்தில் வரும் புது இலையை அரைத்து, மெதனோலில் ஊறவைத்து, பொருட்களைத் திணிவை வைத்து அடையாளம் காட்டும் திணிவு நிறமாலைமானியில் பார்ப்பார்கள். எந்தப் பொருள் தேங்கியிருக்கிறதோ, அதற்கு அடுத்த படிதான் அந்த மரபணுவின் வேலை. வைரஸே இலையை மாற்றிவிடும் என்பதால், வெறும் வைரஸ் ஏற்றிய செடியையும் பக்கத்தில் வளர்க்காவிட்டால் முடிவு பிழைத்துவிடும். இடையில் வரும் சில பொருட்கள் நிலைக்காமல் சிதைவதுதான் பெரிய இடைஞ்சல். இந்தப் படிகளைச் செய்யும் நொதிகளில் விடுபட்டிருந்தவை 2018இல்தான் பிடிபட்டன. 2022இல் அந்த மரபணுக்களை ஏற்றிய ஈஸ்டே வின்டோலின், கதரந்தின் இரண்டையும் செய்தது, இணைத்தது மட்டும் ஆய்வுகூடத்தில்.

அப்பா ஏற்கெனவே குடித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். மெட்ஃபோர்மினை நிறுத்த வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு குடித்தார் என்று எழுதி, ஒரு கொப்பையும் எடுத்துக்கொண்டு கிளினிக் டாக்டரிடம் காட்டி, முழு இரத்த அணுப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், கை கால் விறைப்பு, விடாத வாந்தி இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. கொப்பு முறித்தால் கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆடு கட்டுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.