குடும்பஸ்தர்கள் ஆசிரமத்தில் தனியாகப் போய்த் தங்கலாமா? ரமணாசிரமம் அமைதியாக இருக்குமா?

தாராளமாகத் தங்கலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "ஊர் என்ன சொல்லும்" என்று வீட்டில் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் திருவண்ணாமலைக்குப் பை எடுத்து வைத்தபோது நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "அண்ணனோட ஏதாவது சண்டையா அண்ணி?" சண்டையும் இல்லை, சந்நியாசமும் இல்லை. கொஞ்ச நாள் யாருக்கும் காபி போடாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

சத்தமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வாசலில் செங்கம் சாலை, பஸ் ஹாரன் ஓயாது. விடியற்காலையில் மயில் அகவினால் தூக்கிவாரிப் போடும். முன்முற்றத்தில் பெரிய இலுப்பை மரம் இருக்கிறது. அதன் நிழலில் ஒரு பெரியவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு குரங்கு அவர் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாவகாசமாக உரித்துத் தின்றது. மனிதர் அசையவில்லை. தியானமா தூக்கமா, தெரியாது.

எனக்குப் பிடித்தது ஆசிரமத்தில் வளர்ந்த பசு லட்சுமியின் சமாதி இருக்கும் பக்கம். 1948-இல் இறந்த பசு. அருகிலேயே மான், நாய், காகம் ஆகியவற்றுக்கும் சமாதி உண்டு. காக்கைக்கே சமாதி கட்டிய இடத்தில் நம்மை யார் "எதுக்கு வந்தே" என்று கேட்கப்போகிறார்கள்? யாரும் கேட்கவும் இல்லை.

காலையிலேயே பின்வாசல் வழியாக, மலைமேல் இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாதையின் கல் காலைச் சுடும். 1916 முதல் 1922 வரை ரமணர் அங்கேதான் இருந்தார். தாயார் மறைந்து, அவர் சமாதி அடிவாரத்தில் அமைந்த பிறகுதான் கீழே இந்த ஆசிரமம் உருவானது. வழியில் ஒரு பாறையில் நின்றால் அண்ணாமலையார் கோயில் கோபுரங்கள் மொத்தமும் தெரியும். பாதையோர மரங்களைப் பார்த்து ஆதிகாலத்துக் காடு என்று நினைக்க வேண்டாம். 1980-களில் இந்த மலை பெரும்பாலும் மொட்டைதான். கன்று நட்டு, கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீயோடு போராடி வளர்த்தவை இவை.

மரம் என்றதும் ஒன்று சொல்லியே ஆகணும். எங்கள் அடுக்ககத்தில் நன்றாக வளர்ந்திருந்த புங்க மரத்தை, காரில் பூ கொட்டுகிறது என்று வெட்டிவிட்டார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியது நான் ஒருத்திதான். இப்போது அதே கார்க்காரர்கள், வெயில் தாங்கவில்லை, தகரக் கூரை போடணும், வீட்டுக்கு இவ்வளவு கொடு என்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஆசிரமம்னாலே வியாபாரம்" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: நான் யாருக்கும் சிஷ்யை இல்லை, எல்லா ஆசிரமத்துக்கும் சேர்த்து வக்காலத்து வாங்கவும் இல்லை. இங்கே அறைக்கு இவ்வளவு என்று வாடகை கிடையாது, விரும்பினால் நன்கொடை தரலாம். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்கணும். பௌர்ணமி, கார்த்திகை தீபம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் ஜனத்தால் நிரம்பிவிடும், ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை.