வாசகர் கேள்வி பதில்: பால் சொட்டி நிற்கும் நேரம்

என் துப்பறியும் குறுநாவல் இந்த இதழில் தொடராக வந்து முடிந்ததும், ஆசிரியர் ஒரு பை நிறையக் கடிதங்களை மலேசியாவில் நான் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பிவைத்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எனக்கு இன்னும் புத்தகம் என்று ஒன்று வெளிவரவில்லை, முதல் முழு நாவலை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*அக்கா, வேலைக்கும் போய்க்கொண்டு எப்போது எழுதுகிறீர்கள்?*
(வாசகி, தைப்பிங்)

விடியற்காலை நாலேகாலில் இருந்து ஐந்தே முக்கால் வரை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுப்பு பற்றிய நேரம் அது. அம்மா வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நாலு மணிக்கு எழுந்து கோப்பி கலக்குவதை விடவில்லை. அந்தக் கரண்டிச் சத்தத்தில் நானும் எழுந்து சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுவேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் எனக்குக் கிராணி (குமாஸ்தா) வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், காலையில் எழுதியதைக் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி வைத்துத் தட்டிச் சேர்ப்பேன். தட்டும்போதே பாதித் திருத்தம் முடிந்துவிடும். கை வலிக்கிற வாக்கியம் பெரும்பாலும் தேவையில்லாத வாக்கியமாகத்தான் இருக்கும். இன்னொரு பழக்கமும் உண்டு: மறுநாள் காட்சியின் முதல் வரியை முந்தின இரவே எழுதிவிட்டுத்தான் படுப்பேன். விடியலில் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு நேரம் இல்லை.

*ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் எழுதினால்தான் நாவலாசிரியர் ஆகலாம் என்கிறார்கள். என்னால் முந்நூறைத் தாண்ட முடியவில்லை.*
(கல்லூரி மாணவர், கூலிம்)

தம்பி, அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் போட்ட கணக்கு. "வெட்டிக்கொண்டிருந்தவளைத்தான்" என்பது நமக்கு ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல்லாவது வேண்டும். உங்கள் முந்நூறு அவ்வளவு குறைச்சல் இல்லை. நான் பக்கக் கணக்குதான் வைத்திருக்கிறேன்: நோட்டில் இரண்டு பக்கம். சில நாள் ஒன்றோடு நிற்கும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காது, அதை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிடுவேன்.

*துப்பறியும் கதை என்றால் பெரிய நகரம், ஹோட்டல், ரயில் என்று இருந்தால்தானே சுவாரசியம்? தோட்டத்தில் என்ன மர்மம் இருக்கப்போகிறது?*
(வாசகர், பந்திங்)

ஐயா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொலைக் கதையின் உயிரே நேரத்தில்தான் இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பதுதான் முடிச்சு. தோட்டத்தைப் போல நேரத்துக்குக் கட்டுப்பட்ட இடம் வேறு எது? இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. அது முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள். விடியலின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த அவசரம். வெட்டி முடித்துக் காத்திருந்து, பால் சொட்டி நின்ற பிறகு மங்கு மங்காக (மங்கு என்பது பால் பிடிக்கும் கிண்ணம்) வாளியில் ஊற்றி எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு, ஒவ்வொன்றையும் பார்க்க ஆள் உண்டு.

நான் எழுதும் நாவல் 1979-இல் நடக்கிறது. பால் வெட்டும் பெண் ஒருத்தி தன் நிரையிலேயே, தான் வெட்டும் மர வரிசையிலேயே, இறந்து கிடக்கிறாள். ஏழு மணிக்கே அவளைப் பிணமாகப் பார்த்ததாக வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் போலீஸிடம் சொல்கிறான். எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். அதே தோட்டத்தில் முப்பது வருஷம் வெட்டிய ஒரு பெரியம்மா மட்டும் அந்த நிரையின் முதல் மரத்திலிருந்து எண்ணிக்கொண்டே நடக்கிறாள். புதிதாகச் சீவிய பட்டை, கீழே மங்கு, மங்கில் பால். அடுத்த மரம். அதற்கடுத்த மரம். இருநூற்றுப் பன்னிரண்டாவது மரத்தில் வெட்டு பாதியில் நிற்கிறது. போன வெட்டில் உறைந்த கோட்டுப்பாலை அந்த மரத்தில் உரித்திருக்கிறாள், இருநூற்றுப் பதின்மூன்றாவதில் அது உரிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டு மரம் என்று வைத்தாலும், ஆறு மணிக்குத் தொடங்கியவள் அங்கே வந்து சேர ஏழே முக்கால் ஆகும். ஏழு மணிக்குச் செத்தவள் அத்தனை மரத்தை எப்படி வெட்டினாள்?

இந்தத் தடயத்தை எனக்குக் கொடுத்தவர் அம்மா. முதலில் எழுதியபோது, எட்டு மணிக்குப் பால் எடுக்கப் போனவள் பிணத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "எட்டு மணிக்கு எவடி பால் எடுப்பா? பால் சொட்டி நிக்க வேணாமா?" என்றார். நாற்பது பக்கம் போயிற்று. ஆனால் கதை அன்றைக்குத்தான் பிறந்தது.

பழைய காலத்தை எழுதுகிறவர்கள் கவனிக்க இன்னொன்று: 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இன்று ஏழு மணி தாண்டி விடிகிற ஊரில் அன்று ஆறரை தாண்டி விடிந்திருக்கும். இருட்டை வைத்துத் தடயம் கட்டுகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம்.

*என் கதையில் நீதிமன்றக் காட்சி வருகிறது. ஜூரியை வைக்கலாமா?*
(வாசகர், ஈப்போ)

இன்றைய கதை என்றால் கூடாது. 1995 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஜூரி முறை இல்லை. என் கதை 1979 என்பதால் ஏழு பேரை உட்கார வைத்திருக்கிறேன். கொலை வழக்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். பிடித்துவைத்த ஆளை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் போலீஸ் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்க வேண்டும். கொலைக்கு நம் சட்டத்தில் பிரிவு 302. இந்தியாவிலும் அதே எண்தான் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அங்கே 103 ஆகிவிட்டது. தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம், அங்குள்ள நடைமுறை நம்மை அறியாமல் உள்ளே வந்துவிடும்.

*முனீஸ்வரர் கோயிலை வைத்துப் பேய்க்கதை எழுதினால் ஓடுமா?*
(வாசகி, பீடோர்)

பேய்க்கதை எழுதுங்கள், தாராளமாக. ஆனால் இருட்டில் காட்டுக்குள் போன பெண்கள் அவரைத்தான் காவலுக்குக் கும்பிட்டுப் போனார்கள். அவரைப் பயமுறுத்தும் பேயாக்க எனக்கு மனம் வராது. பயத்தை வேறு இடத்தில் வையுங்கள். ஆள் இல்லாத லயத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் மின்சார பில் வந்துகொண்டிருந்தால் போதாதா?

*எழுதி முடித்த நாவலை என்ன செய்வது? எங்கே அனுப்பினாலும் பதில் இல்லை.*
(வாசகர், தெலுக் இந்தான்)

எனக்கும் அது நடந்தது. இதற்கு முன் எழுதிய ஒரு கதையின் கையெழுத்துப் பிரதியை ஒரு பதிப்பகத்தில் கொடுத்துவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்தேன். பதிலும் வரவில்லை, பிரதியும் திரும்பவில்லை. என்னிடம் வேறு நகல் இல்லை. இன்றைக்கும் அது மனசில் கிடக்கிறது. தயவுசெய்து மூலப்பிரதியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

முன்பு நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் நிறையப் பேரை வளர்த்தன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது எங்கள் வீட்டில் அம்மாதான் அதிகம் வருத்தப்பட்டார். இடம் குறைந்துவிட்டது, உண்மைதான். நீங்களே அச்சிடுவதானால் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்திடம் வாங்கிக்கொள்ளுங்கள். 1986-ஆம் வருஷச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த லயத்தின் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறி நூலக அலமாரியில் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஐந்து பிரதி பெரிதாகத் தெரியவில்லை.

*மகளே, எனக்கு 74 வயது. முப்பத்தோரு வருஷம் பால் வெட்டினேன். கதை நிறைய இருக்கிறது, எழுதத்தான் வராது. பேத்திதான் இதை எழுதித் தருகிறாள்.*
(ஓர் அம்மா, கோல கங்சார்)

அம்மா, உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பேத்தியிடம் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். பெரிய சம்பவம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. கத்தியை எந்தக் கல்லில் தீட்டினீர்கள், வெறும் வயிற்றோடு போனீர்களா, கைப்பிள்ளையை யாரிடம் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை என்று தெரியும். ஆனால் விடியற்காலையில் மழை விடாமல் பெய்யும்போது பெரட்டுக்கு ஆள் கூட்டினார்களா, இல்லை யாராவது லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்களா? எங்கள் தோட்டத்தில் ஒரு மாதிரி என்கிறார் அம்மா, பக்கத்துத் தோட்டத்தில் வேறு மாதிரியாம். என் எட்டாவது அத்தியாயம் அந்த மழையில்தான் நிற்கிறது. உங்கள் தோட்டத்தில் எப்படி என்று பேத்தியிடம் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.