ஹாஷ் பொருந்தவில்லையே, ஏன்?

கேள்வி: பழைய சர்வரில் பெயர் மாற்றப்பட்ட ஜார் கோப்புகள் (ஜாவா நிரல்களைக் கட்டிவைத்த கோப்புகள்) குவிந்து கிடக்கின்றன. எது எந்த லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயரை நம்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் கணக்கிடுங்கள்; அது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற மதிப்பு. ஷா-1, ஷா-256 என்ற இரு முறைகளிலும் எடுங்கள். ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் ஷா-1 மதிப்பைக் கொடுத்தே தேடலாம். லைப்ரரியின் பெயரும் பதிப்பும் வந்துவிடும். மற்ற வகைக் கோப்புகளுக்கு அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிடும் என்எஸ்ஆர்எல் என்ற ஹாஷ் பட்டியல் இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: பட்டியலில் இருப்பது தெரிந்த கோப்பு, அவ்வளவுதான். நல்ல கோப்பு என்று யாரும் சான்றிதழ் தரவில்லை.

கேள்வி: ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் ஹாஷ் பொருந்தவில்லை.

பதில்: கோப்பின் அளவைப் பாருங்கள். 400 வரிக் கோப்பில் சரியாக 400 பைட் கூடியிருந்தால், விண்டோஸ் பாணி வரிமுடிவு (வரிக்கு ஒரு பைட் கூடுதல்) புகுந்திருக்கிறது. நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் பல நேரம் சொல்லாமலே இதைச் செய்துவிடும்.

கேள்வி: அதே மூல நிரலிலிருந்து நாங்களே தொகுத்த ஜாரும் பொருந்தவில்லையே?

பதில்: ஜார் என்பது ஜிப்தான். உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பின் நேரமும் அதில் பதிவாகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் தொகுத்தாலே ஹாஷ் வேறு. ஜாரைப் பிரித்து, கிளாஸ் கோப்புகளை (தொகுத்த ஜாவா நிரல்) தனித்தனியாக ஒப்பிடுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, வெளி ஜாரின் ஹாஷை மட்டும் பார்த்தவர்களின் கண்ணில் உள்ளே பொதிந்திருந்த அதன் பிரதிகள் படவில்லை. பேக்கேஜ் பெயரையும் மாற்றிப் பொதிந்திருந்தால் கிளாஸ் ஹாஷும் கைவிடும்.

கேள்வி: எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை போதாதா? வேகமாக முடிகிறது.

பதில்: போதாது. ஒரே எம்டி5 தரும் இரு வேறு உள்ளீடுகளை 2004-லேயே காட்டிவிட்டார்கள்.

அதே நண்பர்: ஏற்கெனவே இருக்கும் கோப்பின் அதே எம்டி5 வரும்படி இன்னொன்றை யாரும் உருவாக்கியதில்லையே!

பதில்: உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே ஆள் தயாரித்தால்? சாதுவானதை உங்கள் பட்டியலில் ஏற்றிவிட்டு, விஷமுள்ளதைப் பிறகு அனுப்புவார். 2012-இல் அம்பலமான ஃபிளேம் என்ற உளவு நிரல், மைக்ரோசாஃப்ட்டின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கியது எம்டி5-இன் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான். 2017-இல் ஷா-1-க்கும், ஒரே ஹாஷ் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளால் மானம் போனது. அதனால்தான் தேடுவதற்கு ஷா-1, உறுதி செய்ய ஷா-256 என்கிறேன்.

கேள்வி: கிட் காட்டும் ஷா-1 வேறாக இருக்கிறதே?

பதில்: கிட் ‘blob’ என்ற தன் வகைப்பெயரையும் கோப்பின் நீளத்தையும் முன்னால் சேர்த்துக் கணக்கிடுகிறது.

கேள்வி: என் சிஎஸ்எஸ் கோப்பின் ஹாஷ் பொருந்தவில்லை.

பதில்: வரிமுடிவு. மேலே படியுங்கள்.

கேள்வி: பொருந்திவிட்டது. இனிப் பயமில்லையே?

பதில்: முதல் பதிலின் கடைசி வரி.

கேள்வி: ஒரே ஷா-256 ஆயிரம் லைப்ரரிகளில் வருகிறது. மோதல் (இரு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ்) கண்டுபிடித்துவிட்டேனா?

பதில்: கோப்பின் அளவு பூஜ்யமா என்று பாருங்கள். வெற்றுக் கோப்புக்கும் ஹாஷ் உண்டு.