விதைக்கடலைக்கு முன்பணம் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரில் அங் மோ கியோவில் வசிக்கிறேன். விருத்தாசலம் அருகே எங்கள் மூன்று ஏக்கர் நிலத்தில் தம்பி மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுகிறான். வி.ஆர்.ஐ. 8 என்னும் கடலை ரகத்தின் உரிமையை அரசு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது, இனிச் சொந்த விதையை எடுத்து வைத்து விதைத்தால் வழக்கு வரும் என்று ஒரு முகவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சி நிலையத்தின் ‘வல்லுநர் விதை’ தருவாராம். விளைச்சலை இருமடங்கு விலைக்குத் தாமே வாங்கிக்கொள்வாராம். அதற்கு 1,800 வெள்ளி முன்பணம் கேட்கிறார். இங்கே தேக்காவில் அவருடைய ஆள் வந்து வாங்கிக்கொள்வாராம். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஏற்கெனவே நாள் குறித்திருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள்.

வழக்கு வருமா என்பதுதான் உங்கள் முதல் பயம். வராது. இந்தியாவில் 2001 இல் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடியும் விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரரோடு மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். விதையை உற்பத்தி செய்யும் உரிமத்தை அரசு எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் உங்கள் தம்பியின் இந்த உரிமை போய்விடாது. முகவர் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்.

சிங்கப்பூரில் இருப்பதால் உங்களுக்கு இந்தப் பயம் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் 2004 இல் புதிய பயிர் ரகங்களைப் பாதுகாக்கும் யுபோவ் என்னும் அனைத்துலக ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்த ஒன்றியத்தின் விதிகளில் ரகத்தை உருவாக்கியவரின் கைதான் ஓங்கியிருக்கும். இந்தியா அதில் சேரவில்லை. இங்குள்ள கண்டிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு விருத்தாசலத்துக் காட்டைப் பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. இதில்தான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பையில் போட்டு, இன்ன ரகம் என்று அச்சடித்து, முத்திரை விதையாக உழவர் விற்கக் கூடாது. உங்கள் தம்பி எதிர்வீட்டுக்காரருக்குச் சாக்கில் அளந்து இரண்டு மூட்டை கொடுக்கலாம், அதற்குப் பணமும் வாங்கலாம். அதே கடலையை ‘வி.ஆர்.ஐ. 8, தரமான விதை’ என்று அச்சடித்த பையில் கட்டினால் சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கும். வாயால் ரகத்தின் பெயரைச் சொல்வது தவறில்லை. சாக்கின் மேல் அடையாளத்துக்காகக் கரியால் தன் பெயரை எழுதிக்கொள்வதும் தவறில்லை. பையும் சீட்டும் சேர்ந்து ரகத்தின் பெயரால் விலைபேசும்போதுதான் சிக்கல். ஊரில் விதை நன்றாக இருக்கிறதென்று பெயர் பரவியதும், “நாமே ஒரு பை அடித்தால் என்ன?” என்று யாராவது யோசனை சொல்வார்கள். தம்பியிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த ‘வல்லுநர் விதை’க்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய்வித்துப் பயிர் இனப்பெருக்கத்தில் வேலை செய்தவன் நான். மூட்டை மூட்டையாக வல்லுநர் விதை தருகிறேன் என்று எவராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வல்லுநர் விதை, ரகத்தை உருவாக்கியவர்களின் நேரடிக் கண்காணிப்பில் கொஞ்சமாக விளைவது; அதற்கு மஞ்சள் அட்டை. அதைப் பெருக்கினால் ஆதார விதை, வெள்ளை அட்டை. அதையும் பெருக்கி, வயலில் கலவன் (மாறுபட்ட செடிகள்) நீக்கி, ஆய்வு முடித்து உழவர் கைக்கு வருவது சான்று விதை, நீல அட்டை. உங்கள் தம்பிக்கு வேண்டியது நீல அட்டை. பச்சை அட்டையும் சந்தையில் உண்டு. அதில் தரத்துக்கு விற்பவரே பொறுப்பு, சான்றுத் துறையின் வயலாய்வு அதற்குக் கிடையாது. அட்டையில் குவியல் எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். இவற்றோடு விதை விற்பனை உரிமத்தின் எண்ணையும் கேளுங்கள், பில்லையும் கேளுங்கள். 1983 ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இரண்டும் கட்டாயம். தேக்காவில் கைமாறும் பணத்துக்கு எந்த பில் வரும்?

இந்த ஆட்களுக்கு ஊரில் எப்படி இடம் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிலக்கடலை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. தாயைப் போலவே பிள்ளை. வாங்கிய விதையை இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்து வைத்து விதைத்தால் பெரிய நட்டம் இல்லை. சூரியகாந்தி, ஆமணக்கு வீரிய ஒட்டு ரகங்கள் அப்படியல்ல. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும், அதனால் தனியார் அங்கே வரிசைகட்டி நிற்கிறார்கள். கடலையில் அவர்களுக்கு ஆண்டுதோறும் வியாபாரம் இல்லை. சூரியகாந்திக்கு ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும், கடலைக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். போட்டதைப் போல எட்டு மடங்கு, பத்து மடங்குதான் விதையாகத் திரும்பக் கிடைக்கும். இத்தனை சுமையையும் இத்தனை மெதுவான பெருக்கத்தையும் தூக்க அரசைத் தவிர ஆள் இல்லை. திண்டிவனத்தில் 1940 இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் கடலை ரகம், குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியெடுத்தது. தென்னிந்தியாவில் பல பத்தாண்டுகள் அதுவே நின்றது. பொதுப் பணத்தில் உருவான ரகம் அது, எவரும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.

ரகம் உருவாக்குவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வல்லுநர் விதை இவ்வளவு வேண்டும் என்று மாநிலங்கள் முன்கூட்டியே கேட்டுப் பதிய வேண்டும். கேட்காத ரகம் பெருகாது. கேட்டுவிட்டு எடுத்துப் போகாமல் விட்டால் அந்த விதை எண்ணெய்ச் செக்குக்குப் போகும். நான் வேலை செய்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்; ஒரு பருவத்தின் உழைப்பைச் செக்குக்கு அனுப்பிய நாளில் வீட்டில் எவரோடும் பேசவில்லை. இந்திய அரசு 2024 இல் எண்ணெய்வித்துகளுக்கென ஏழாண்டு இயக்கம் ஒன்றை 10,103 கோடி ரூபாயில் அறிவித்தது. ஐந்தாண்டு விதைத் திட்டத்தை ‘சாத்தி’ என்னும் இணையத்தளம் வழியாக வகுக்கப்போவதாகவும் சொன்னது. நல்லது. ஆனால் விதைப்புப் பட்டம் தொடங்கும் வாரத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதை இருக்க வேண்டும். அங்கே “இருப்பு இல்லை” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கும் உழவரைத்தான் வாசலில் நிற்கும் முகவர் பிடித்துக்கொள்கிறார்.

விளைச்சலை இருமடங்குக்கு வாங்கிக்கொள்வோம் என்பது பழைய வலை. 2003 இல் இந்தியத் திட்டக்குழு உயிரி எரிபொருள் இயக்கத்துக்குப் பரிந்துரைத்த பிறகு காட்டாமணக்கு ஊரெங்கும் பேச்சானது. தரிசில், தண்ணீர் இல்லாமல், கொட்டோ கொட்டென்று காய்க்கும் என்றார்கள். நல்ல ரகமே உருவாக்கப்படாத ஒரு காட்டுச் செடிக்கு ‘உயர்விளைச்சல் விதை’ என்று விலை வைத்தார்கள். என் சித்தப்பா இரண்டு ஏக்கரில் நட்டார். ஒப்பந்தத் தாள் இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது; அதில் போட்டிருந்த முகவரியில் பிறகு ஒரு துணிக்கடை வந்தது. செடிகளைப் பிடுங்கத் தனியாகக் கூலி கொடுத்தார். அப்போதும் முன்பணம் சிங்கப்பூரிலிருந்து போனதுதான், என் மைத்துனர் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நம் பிள்ளைகளிடம் இந்த ஆட்கள் வந்து பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிக்கடைதான் நினைவுக்கு வருகிறது. இருமடங்கு கொடுப்பவருக்குச் சந்தையில் பாதி விலைக்குக் கடலை கிடைக்கும்போது உங்கள் தம்பியிடம் ஏன் வர வேண்டும்?

தம்பி இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் இருக்கும் கடலை எந்த ஆண்டு வாங்கிய விதையின் வழி வந்தது என்று கேளுங்கள். மூன்று ஆண்டுக்குள் என்றால் அதையே விதைக்கலாம். காயாகவே வைத்திருக்கட்டும், விதைப்பதற்குச் சில நாள் முன்னால் மட்டும் கையால் உடைக்கட்டும்; இயந்திரத்தில் உடைத்தால் பருப்பு பிளந்துவிடும். நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பார்க்கட்டும். எழுபதுக்குக் குறையாமல் முளைத்தால் போதும், சான்று விதைக்கும் அதே அளவுதான் வரையறை. குறைந்தால், அல்லது விதை பழையது என்றால், மூன்று ஏக்கருக்கும் வாங்க வேண்டாம். விரிவாக்க மையத்திலோ விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலோ அரை ஏக்கருக்கு மட்டும் நல்ல விதை வாங்கி, தனியாகப் போட்டு, பூக்கும்போதும் அறுவடையிலும் மாறுபட்ட செடிகளைப் பிடுங்கிவிட்டால் அடுத்த பட்டத்துக்கு மூன்று ஏக்கருக்கும் சொந்த விதை வந்துவிடும். மையத்தில் இருப்பு இல்லை என்றால், பெயரை எழுதி வைக்கச் சொல்லிப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வரட்டும்.

முகவரின் பையில் ஏதாவது அட்டை இருந்தால் இருபுறமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.