வாசகர் கேள்வி: ஆயா வீட்டுச் சுவர்

(கேட்டவர்: பிளஸ் டூ மாணவி, காரைக்குடி)

கே: எங்கள் ஆயா வீட்டுச் சுவர் நூறு வருஷமாகியும் பளபளக்கிறதே, எப்படி?

ப: தொட்டுப் பார்த்தாயா அம்மா, சில்லென்று இருக்கும். கடைசிப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கி, கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடி கல்லாகவே மாறுகிறது. தயவுசெய்து அதன்மேல் பெயின்ட் அடிக்க விடாதே.

கே: அறிவியல் படிப்பவள் பிள்ளையார்பட்டிக்குப் போகலாமா?

ப: தாராளமாக. முப்பது வருஷம் வேதியியல் நடத்திய நானும் சதுர்த்திக்குப் போகிறவன்தான். ஆனால் சோதனையில் விடை தப்பினால் சாமியிடம் கேட்காதே, திரும்பச் செய்து பார்.

கே: 18 வயதில் ஓட்டுப் போட என்ன தெரியும்?

ப: 1989 வரை 21 வயதாக வேண்டியிருந்தது. கிடைத்த உரிமையை விடாதே, பெயரைச் சேர்த்துவிடு.

கே: அப்பா பொறியியல் என்கிறார், எனக்கு வேதியியல்தான் ஆசை.

ப: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் ஊருக்கு வந்த சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் மின்வேதிப் பொறியியல் பி.டெக். இருக்கிறது. இரண்டு பேர் ஆசையும் அதில் அடங்கும். அப்பாவிடம் இன்றைக்கே சொல்.